மூன்று விட்டங்களில் சிவப்புக் குறி

ஈப்போ
13.5.2025

அன்புத் தங்கை இருதயமேரிக்கு,

நீ என் கைப்பேசி எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய் என்று தெரிகிறது. ஆகவே கடிதம் எழுதுகிறேன். ஒருவகையில் இதுவே எனக்குச் சுலபம். பேசினால் பாதியில் நிறுத்திவிடுவேன். சொல்ல வேண்டியவை ஐந்து.

1. நான் ஏன் உன்னிடம் நேரில் சொல்லாமல் போனேன்.
2. எந்த மூன்று விட்டங்களில் குறை, என்ன குறை.
3. துளை விழுந்த மற்ற ஐந்தை ஏன் விட்டேன்.
4. தர்மேந்திரன் மேல் பழி இல்லை.
5. குறியை நான் துடைக்கப் போவதில்லை.

ஒன்று. ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்து, கோயிலின் பின்கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த எட்டு விட்டங்களையும் பார்த்தேன். யாரும் என்னைப் பார்க்கச் சொல்லவில்லை. மர ஆலையில் முப்பத்தோர் ஆண்டு தரம் பிரித்தவனுக்கு மரத்தைக் கண்டால் கை சும்மா இருப்பதில்லை. மூன்றில் சிவப்பு மெழுகுக்கட்டியால் பெருக்கல் குறி போட்டேன். பிறகு உன்னிடம் சொல்லத்தான் உள்ளே வந்தேன். நீ பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தாய். நான் வாயைத் திறந்தேன். "இன்னும் கொஞ்சம் ஊத்தவாண்ணே?" என்றாய். "போதும்" என்றேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. இரண்டு மணிக்கு, மரத்தைக் காணிக்கையாகக் கொடுத்த தர்மேந்திரனின் காரிலேயே ஆயர் தாவார் பஸ் நிலையத்துக்குப் போனேன். வழி முழுக்க வெயிலைப் பற்றிப் பேசினேன்.

சொல்லியிருந்தாலும் நீ கேட்டிருக்கமாட்டாய். உன் வீட்டு வாசலுக்குக் கெம்பாஸ் மரக் கதவு வேண்டாம், மழைக்கு உப்பும் என்றேன். வைத்தாய். இன்றுவரை டிசம்பரில் அது திறப்பதில்லை. இது ஒரு சான்று. என்னிடம் வேறு ஏழும் உள்ளன.

இரண்டு. குறை உள்ளவை, கொட்டகைச் சுவரிலிருந்து எண்ணினால், இரண்டாவதும் ஐந்தாவதும் ஏழாவதும். எல்லாம் மெராந்தி. சில மெராந்தி மரங்களில் நடுப்பகுதி, மரம் தன் பாரத்தாலேயே உள்ளுக்குள் நசுங்கி, வலுவற்றுப் போயிருக்கும். புத்தகத்தில் அதற்குப் பிரிட்டல் ஹார்ட் என்று பெயர். ஆலையில் நம் ஆட்கள் 'பிஸ்கட்' என்பார்கள். பேனாக்கத்தி முனையால் ஒரு சிம்பைக் கிளப்பினால் நல்ல மரத்தில் அது நீண்ட நாராக எழும். இந்த மூன்றிலும் நகத்தளவில் ஒடிந்து வந்தது. விளக்கைச் சாய்த்துப் பிடித்தபோது நாருக்குக் குறுக்கே மயிரிழை போன்ற சுருக்கங்களும் தெரிந்தன. எந்திரத்தில் நன்றாக இழைத்திருப்பதால் சாதாரணமாகப் பார்த்தால் இவை தெரியாது. இப்படிப்பட்ட மரம் வளைந்து, கிறீச்சிட்டு, எச்சரித்துவிட்டு முறிவதில்லை. பட்டென்று போய்விடும்.

மூன்று. மற்ற ஐந்தில் இருப்பவை ஊசித்துளைகள். மரம் பச்சையாக இருந்தபோது வண்டு போட்டவை. மரம் உலர்ந்ததும் வண்டு செத்துவிடும். பார்க்க அசிங்கம், ஆனால் வலுவுக்குக் குறைவில்லை.

நான்கு. தர்மேந்திரன் காசு கொடுத்து நல்ல மரம் என்று நம்பித்தான் வாங்கினார். அவர் கட்டட வேலை செய்பவர், மரம் படித்தவர் அல்லர்.

ஐந்து. அந்த விட்டங்களின்மேல் பாடகர் மாடி வரப்போகிறது. ஜூன் 15 அந்தோணியார் திருவிழாவுக்கு உன் பாடகர் குழுவின் இருபத்திரண்டு பிள்ளைகளும் அதில் நின்று பாடப்போகிறார்கள். நான் தவறாகவும் இருக்கலாம். இருந்தாலும் துடைக்கமாட்டேன்.

அண்ணன்,
ராயப்பன்

---

ஏழாங்கட்டை தோட்டம், ஆயர் தாவார்
17.5.2025

அண்ணனுக்கு,

நீ நம்பர் போட்டு எழுதியிருக்க. எனக்கு அது வராது. பேசுற மாதிரிதான் எழுதுவேன்.

நீ பஸ் ஏறிட்ட. இங்க என்ன நடந்துச்சு தெரியுமா? மூணு மணிக்கு ஃபாதர் தீர்த்தச் செம்போட கொட்டகைக்கு வந்தாரு. ஜனம் பூரா பின்னாடி. தர்மேந்திரன் வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டு தார்ப்பாய ஒரே இழுப்பா இழுத்தாரு. பார்த்தா, செவப்பு செவப்பா மூணு பெருக்கல்!

"என்னம்மா இது? வேண்டாதவங்க யாராச்சும் செஞ்ச வேலையா?"ன்னு ஃபாதர் கேக்குறாரு.

ஆசாரி சன்னாசி இருக்கானே, அவனுக்கு வாய் சும்மா இருக்குமா? "இல்ல ஃபாதர், ஈப்போ அண்ணே வேலதான் இது. பாக்கெட்டுல செவப்புக் கட்டி நீட்டிக்கிட்டு இருந்திச்சு. பாவம், ஓட்ட விழுந்ததயெல்லாம் விட்டுட்டு இருக்குறதுலயே அழகான மூணுக்குப் போட்டிருக்காரு. வயசாச்சு லா!"

எல்லாரும் சிரிச்சாங்க. ஃபாதரும் சிரிச்சாரு. சிரிக்காதது ரெண்டு பேரு. நான் ஒண்ணு, தர்மேந்திரன் ஒண்ணு. அந்த மரம் அவரு அம்மா பாப்பாக்கா பேர்ல குடுத்தது. பாப்பாக்கா நம்ம வேதம் இல்ல, ஆனா செவ்வாக்கெழம தவறாம அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏத்தினவங்க. செத்தவங்க பேர்ல குடுத்த பொருள்ல கோடு போட்டா பெத்த புள்ளைக்கு எப்படி இருக்கும்? அந்த ஆளு கார்லயே சொகுசா போயிருக்க வேற.

ரிஜெக்ட் பண்ண நீ யாரு? உன் நம்பர் போட்ட சுத்தியல ரிட்டயர் ஆனப்பவே ஆபீசுல திருப்பிக் குடுத்தாச்சு. கையில சுத்தியல் இருந்தப்போ மட்டும் என்ன கிழிச்ச? மேனேஜர் மொறச்சா ரிஜெக்ட ஸ்டாண்டர்டா மாத்துன ஆளு நீ. அண்ணி உயிரோட இருந்தப்போ என்கிட்ட சொல்லி அழுதாங்க. அப்ப வராத ரோஷம் என் கோயில்லதான் வந்துச்சா?

நான் கமிட்டித் தலைவி. அடுத்த வார ஞாயித்துக்கெழம பூசைக்கு வந்து, எல்லாரு முன்னாடியும் நீயே தொடச்சிட்டுப் போ. அதுவரைக்கும் உன் நம்பர் பிளாக்லதான் இருக்கும்.

இருதயமேரி

கதவு நல்லாத்தான் தொறக்குது. ஒரு ஒத ஒதைக்கணும், அவ்வளவுதான்.

---

ஈப்போ
21.5.2025

தங்கைக்கு,

நான் வரவில்லை. துடைக்கவும் போவதில்லை.

சுத்தியலைத் திருப்பிக் கொடுத்தது உண்மை. என் எண் 417. தரம் பிரிக்கும் ஒவ்வொரு கிரேடருக்கும் ஓர் எண் கொண்ட சுத்தியல் உண்டு. பலகையின் முனையில் அடித்தால் எண் பதியும். பலகை எந்த நாட்டுக்குப் போனாலும், நாளைக்கு முறிந்தால், யார் பார்த்து அனுப்பியது என்று தெரிந்துவிடும். இப்போது என்னிடம் சுத்தியல் இல்லை. ஆனால் அந்த மூன்று குறிகளும் யார் போட்டவை என்று உன் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிட்டது. சன்னாசிக்கு நன்றி.

மேனேஜர் விஷயம். உன் அண்ணி சொன்னதும் உண்மை. நான்கு முறை. 1984இல் ஒன்று, 1988இல் ஒன்று, 1991இல் இரண்டு. மேனேஜர் திட்டவில்லை, மிரட்டவில்லை. "ராயப்பன், இன்னொரு தடவ பாருங்களேன்" என்பார். நான் இன்னொரு தடவை பார்ப்பேன். பார்த்தால் குறை மறைந்துவிடும். அந்த நான்கு சரக்கும் எங்கே போயின, யார் வீட்டில் என்னவாக நிற்கின்றன என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயன்றதும் இல்லை. ஆனால் இதைச் சொல்லி என்னைத் துடைக்க வைக்கலாம் என்று நீ நினைத்தது நடக்காது. "அப்ப வராத ரோஷம்" என்று கேட்டாய். அப்போது வராததால்தான் இப்போது வந்திருக்கிறது. ஐந்தாவது முறை இன்னொரு தடவை பார்க்கமாட்டேன்.

சன்னாசிக்கு ஒரு விதி சொல். பலகையின் இரு முகங்களில் மோசமான முகத்தைப் பார்த்துத்தான் தரம் சொல்ல வேண்டும். நல்ல முகம் கணக்கில் வராது. அழகு எந்த முகத்திலும் கணக்கில் வராது.

தர்மேந்திரனின் மனம் புண்பட்டது எனக்கு உறுத்துகிறது. அவருக்குத் தனியே எழுத நான்கு தாள் கிழித்தேன். எதுவும் சரியாக வரவில்லை.

விட்டங்களை மேலே ஏற்றாதே.

ராயப்பன்

---

ஏழாங்கட்டை தோட்டம்
27.5.2025

அண்ணனுக்கு,

ஏத்தியாச்சு. எட்டையும் ஏத்தி, மேல பலகயும் அடிச்சாச்சு. படியும் வச்சாச்சு.

உன் செவப்புக் கட்டி எந்தக் கடையில வாங்குன? மண்ணெண்ண போட்டுத் தேச்சேன், போகல. தின்னர் போட்டேன், பரவிக்கிட்டுப் பெருசாச்சு. சன்னாசிய விட்டு வெள்ள பெயிண்ட் அடிக்கச் சொன்னேன். காலைல வந்து பார்த்தா அந்தக் கோட்டு மேல மட்டும் பெயிண்ட் ஒட்டல. தரையில நின்னு அண்ணாந்து பார்த்தா மூணு பெருக்கலும் முன்ன விடப் பளிச்சுன்னு தெரியுது. பீடத்துல நிக்கிற ஃபாதருக்கும் தெரியுது. "இருதயமேரி, உங்க அண்ணன் பூசைக்கு வராமலே வந்துடுறாரு"ங்கிறாரு. படியோட சேத்து ரெண்டாவது கோட்டிங் அடிச்சிருக்கோம். அதுலயும் எட்டிப் பாக்குது.

மோசமான மொகத்தப் பார்த்துத்தான் தரம்னு எழுதியிருக்க. மரத்துக்கு மட்டுமா? நீ மனுசரையும் அப்படித்தான் பாக்குற. அண்ணி நாப்பது வருசம் சமைச்சாங்க. ரசத்துல உப்பு கூடுன நாளு எதுன்னு கேட்டா தேதியோட சொல்லுவ. என்னப் பத்தி ஏழு சான்று வச்சிருக்கேன்னு எழுதுற. ஒரு தங்கச்சியப் பத்தி எவனாச்சும் எண்ணி வைப்பானா?

நாலு தடவன்னு நீ ஒத்துக்கிட்டதப் படிச்சேன். அத இனிமே இழுக்க மாட்டேன்.

ஆனா ஒண்ணு. 31ஆம் தேதி சனிக்கெழம பத்து மணிக்கு பிராக்டிஸ். மேலதான். ஆம்பளையா இருந்தா வந்து தடு. எழுத்துல மட்டும் சிங்கம் மாதிரி கர்ஜிக்காத.

இருதயமேரி

---

ஈப்போ
1.6.2025

தங்கைக்கு,

நேற்று நடந்ததற்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

முதல் பஸ் பிடித்து வந்தேன். மாடிப்படியின் மூன்றாம் படியில் குடையைக் குறுக்கே வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நான்காம் படிக்கு ஏற எனக்கே பயம். உன் பிள்ளைகள் வந்து வரிசையாக நின்று என்னைப் பார்த்தார்கள். ஷார்மேன் என்ற அந்தக் குட்டிப்பெண் மட்டும் கிட்டே வந்து, என் கால்சட்டையைக் காட்டி, "தாத்தா, அங்க உக்காராதீங்க, பெயிண்ட் காயல, சிலுவார் ஒட்டிக்கும்" என்றாள். என்னை எழுப்ப நீ சொல்லிக் கொடுத்த தந்திரம் என்று நினைத்தேன். எழவில்லை.

பிறகு நீ வந்தாய். இருபது நாளுக்குப் பிறகு நாம் பேசியது இவ்வளவுதான். மறந்துவிடப் போகிறாய் என்று எழுதி வைக்கிறேன்.

"எந்திரிண்ணே. ஊரு சிரிக்குது."

"சிரிக்கட்டும்."

"காலு மரத்துப் போயிரும்."

"போகட்டும்."

"தண்ணியாச்சும் வேணுமா?"

"வேண்டாம்."

நீ திரும்பிப் போய், பிள்ளைகளைக் கீழேயே நிறுத்திப் பாட வைத்தாய். உன் குழுவின் கால்வின் கீபோர்டில் இரண்டு இடத்தில் தப்பாக வாசித்தான். இரண்டு மணி நேரமும் குடையை நான் எடுக்கவில்லை. எழுபத்து நான்கு வயதில் முதன்முறையாக ஒரு காரியத்தை நேரில் நின்று, சரியாகச் சொன்னால் உட்கார்ந்து, தடுத்திருக்கிறேன்.

திருவிழாவரை தினமும் என்னால் வர முடியாது. ஆகவே ஒரு யோசனை. என்னை நம்ப வேண்டாம், மரத்தைக் கேளுங்கள். சன்னாசியை விட்டு அந்த மூன்றையும் இறக்கு. ஒவ்வொன்றையும் இரண்டு எண்ணெய்ப் பீப்பாய்களின் மேல் பாலம்போல் வைத்து, நட்டநடுவில் சிமெண்ட் மூட்டையை ஒவ்வொன்றாக அடுக்குங்கள். பன்னிரண்டடி நீளம், ஐந்துக்கு மூன்று அங்குலம் உள்ள நல்ல மெராந்தி இருபது மூட்டைக்கு மேல் தாங்க வேண்டும். அடியில் யாரும் காலை நீட்டக் கூடாது. தாங்கினால், நான் திருவிழாவன்று பூசையில் எழுந்து நின்று எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன். நான் கூட்டத்தில் பேசுவது என்றால் என்னவென்று உனக்குத் தெரியும்.

சோதனைக்கு நான் வரவில்லை. காரணம் கேட்காதே.

ராயப்பன்

சிலுவார் ஒட்டிக்கொண்டது. வெள்ளைக் கறை போகவில்லை.

---

ஏழாங்கட்டை தோட்டம்
9.6.2025

அண்ணனுக்கு,

நேத்து பூச முடிஞ்சி வச்சோம். ஃபாதர் நாற்காலி போட்டு உக்காந்துட்டாரு. தர்மேந்திரன் அவரு சைட்லேர்ந்து இருபது மூட்ட சிமெண்ட் கொண்டாந்திருந்தாரு. சட்டயக் கழட்டிட்டு அவரே தூக்குனாரு, வேற யாரயும் தொட விடல.

மொதல்ல ரெண்டாவது விட்டம். ஒண்ணு, ரெண்டு, மூணு. சன்னாசி பக்கத்துல நின்னு, "இது யானையத் தாங்கும் லா, மூட்டயாம் மூட்ட"ன்னு கிண்டல். நாலு, அஞ்சு. ஆறாவது மூட்டய இன்னும் முழுசா கீழ வைக்கவேயில்ல. பட்டாசு மாதிரி ஒரே சத்தம். வளையல, முனகல. ரெண்டு துண்டு. முறிஞ்ச எடம் ரொட்டிய ஒடைச்ச மாதிரி, ஒரு நாரு நீட்டிக்கிட்டு இல்ல. அஞ்சு மூட்ட எவ்வளோன்னு தெரியுமா? எரநூத்தம்பது கிலோ. என் பிள்ளைங்க ஆறு பேரு.

சன்னாசி வாய மூடி நான் நேத்துதான் பார்த்தேன். ஏழாவது விட்டம் எட்டு மூட்டையில போச்சு.

ஆனா அஞ்சாவது போகல, அண்ணே! இருபதும் வச்சாச்சு. அதுக்கு மேல தர்மேந்திரனும் சன்னாசியும் ஏறி உக்காந்து தேத்தண்ணி குடிச்சாங்க. அசையல. அத திரும்ப மேல ஏத்தலாம்னு கமிட்டி சொல்லுது. நீ என்ன சொல்ற?

தர்மேந்திரன் முறிஞ்ச துண்ட எடுத்து அந்த முறிவுல வெரல வச்சுப் பார்த்தாரு. அப்புறம், "எங்கம்மா பேர்ல பிள்ளைங்கள கீழ தள்ளிருப்பேன்கா"ன்னாரு. மாத்து மரத்த உன்னக் கூட்டிட்டுப் போய்த்தான் எடுப்பாராம். புதன்கெழம ஈப்போ வாராரு. வீட்டுல இரு. வெயிலப் பத்திப் பேசாத.

இப்ப நான் ஒண்ணு சொல்லணும். எழுதாம விட்டுடலாம்னுதான் பார்த்தேன்.

நீ படியில உக்காந்தது வீண். அன்னிக்குப் பிராக்டிஸ் கீழதான்னு முந்தின வாரமே பிள்ளைங்ககிட்ட சொல்லிட்டேன். மேலன்னு எழுதுனது உன்னக் கோவப்படுத்த. மாடிய ஏத்துன நாள்லேர்ந்து ஒரு பிள்ளைய நான் அதுல கால் வைக்க விடல. பெயிண்ட் காயல, பெயிண்ட் காயலன்னே சொல்லிக்கிட்டு இருந்தேன். காஞ்சதும் அடுத்த கோட்டிங். மூணு தடவ அடிச்சேன், அண்ணே. உன் கோட்ட மறைக்கன்னு கமிட்டி நெனச்சிச்சு. நெனச்சிக்கட்டும்னு விட்டுட்டேன்.

ஏன்னு கேப்ப. நீ பயந்தாங்கொள்ளி. சின்ன வயசுல ஆட்டுக்குட்டிக்கே ஒதுங்கிப் போனவன். அப்பேர்ப்பட்டவன் ஊரே பாக்குற எடத்துல மூணு கோடு போட்டுட்டு ஓடிருக்கான்னா, மரத்துல என்னமோ இருக்குன்னு எனக்கு அந்த நிமிசமே தெரிஞ்சிருச்சு. ஆனா ஃபாதர், தர்மேந்திரன், கமிட்டி எல்லாரு முன்னாடியும் என்ன நிக்க வச்சிட்டுப் போயிட்டியே. அதுக்கு நான் உன்னத் திட்டாம யாரத் திட்டுறது?

பாயசம் ஊத்துனப்போ காதுல சொல்லியிருந்தா, அந்தத் தார்ப்பாய எவனையும் தொட விட்டிருக்க மாட்டேன்.

இருதயமேரி

நம்பர் பிளாக்க எடுத்துட்டேன். ஆனா நீ எழுதவே செய். போன்ல நீ வெறும் "ம்"தான்.

---

ஈப்போ
12.6.2025

தங்கைக்கு,

தர்மேந்திரன் நேற்று வந்தார். பத்து காஜா ஊருக்கு அப்பால் ஓர் ஆலைக்குப் போனோம். பதினொரு விட்டங்களைப் பார்த்து மூன்றை எடுத்தோம். எடுக்காமல் விட்ட எட்டுக்கும் காரணத்தை ஆலைக்காரர் முகத்தைப் பார்த்தே சொன்னேன். முறுக்கு இரண்டு, முனைப்பிளவு மூன்று, பட்டையோரம் ஒன்று, பிஸ்கட் இரண்டு. ஆலைக்காரர் ஒரு கட்டத்தில், "அங்கிள், இன்னொரு தடவ பாருங்களேன்" என்றார். "பார்த்தாகிவிட்டது" என்றேன். அடுத்த விட்டத்துக்கு நகர்ந்தேன். திரும்பும் வழியில் தர்மேந்திரன் அவர் அம்மாவைப் பற்றிப் பேசினார். நான் வெயிலைப் பற்றிப் பேசவில்லை. மரத்தோடு இந்தக் கடிதத்தையும் அவரே கொண்டுவருகிறார்.

ஐந்தாவது விட்டத்தை மேலே ஏற்றாதே. இருபது மூட்டை தாங்கியது என்பதற்காக நான் அதற்குத் தரம் கொடுக்கமாட்டேன். ஒரு நாள் அரை மணி நேரம் தாங்குவது வேறு, ஆண்டுக்கணக்கில் தாங்குவது வேறு. சிம்பு ஒடிந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். கமிட்டி கோபித்துக்கொள்ளட்டும், சன்னாசி சிரிக்கட்டும். தேநீர் குடிக்க நல்ல பெஞ்சு என்றால் கொட்டகையில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் காலுக்கு அடியில் வேண்டாம்.

மூன்றில் ஒன்று முறியவில்லை என்பதால் நான் பூசையில் எழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டுமா என்று இரண்டு நாள் யோசித்தேன். வேண்டியதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். உனக்கு வேறு கருத்து இருந்தால் எழுது. மறுப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். கீழே, பின்வரிசையில் உட்காருவேன்.

என் கடிதங்களுக்கெல்லாம் பிரதி வைத்திருக்கிறேன். 13.5.2025 கடிதத்தை எடுத்து உன் கடிதத்தின் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் படித்தேன். இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து நிற்கின்றன. முதல் குறிப்பில், சொல்லியிருந்தாலும் நீ கேட்டிருக்கமாட்டாய் என்று எழுதியிருந்தேன். அது தவறு. நீ கேட்டிருப்பாய். எனக்குத்தான் சொல்ல வரவில்லை; அதை உன் குறையாக எழுதிவிட்டேன். என் பிரதியில் அந்த வரியையும், கதவு உட்பட எட்டுச் சான்றுகளையும் அடித்துவிட்டேன். உன்னிடம் உள்ளதிலும் அடித்துவிடு.

அண்ணன்,
ராயப்பன்